கோபுரத்திலிருந்து எடுத்த படம்

தை மாதத்து மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், அக்கராயனிலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, சிவரூபி என்ற இளம் பெண் கிளிநொச்சியில் சட்டத்தரணி விமலேஸ்வரியின் கந்தோருக்கு வந்தாள். குடையை மடித்து வாசலில் சாத்தினாள். முன் அறையில் யோகநாதன் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. நின்றபடியே, தனக்கு விவாகரத்து எடுக்க வேண்டும் என்றாள். பின்னர், பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன் தனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்றாள்.

யோகநாதன் அவளை உள்ளே விமலேஸ்வரியிடம் கூட்டிக்கொண்டு போனார். முன்பு வவுனியா பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். இப்போது விமலேஸ்வரியின் வழக்குக் கோவைகளை அடுக்குவதும், காரை ஓட்டுவதும், வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பதும் அவர் வேலை. பஸ்ஸில் ஏறும் ஆளின் முகத்தைப் பார்த்தே எங்கே இறங்குவான் என்று சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையில் பாதி உண்மையும் இருந்தது. விமலேஸ்வரி வேறு மாதிரி. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். காணிச் சிக்கல் ஒன்றில் கள்ள உறுதிப்பத்திரத்தை அதிலிருந்த கையெழுத்தைப் பார்க்காமலே பிடித்தவர் என்று கிளிநொச்சியில் ஒரு கதை உண்டு. கேட்டால், சாட்சிக்காரர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்ததைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்வார்.

சிவரூபி தன் கதையைச் சொன்னாள். அவளுடைய கணவன் பெயர் ஜனகன். அவனுடைய குடும்பம் மலைநாட்டிலிருந்து கலவரத்தில் துரத்தப்பட்டு வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். சிவரூபியின் குடும்பமோ குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் பிடித்தவர்கள். இருவரும் விரும்பியே கட்டினார்கள். அப்பா தில்லைநாதன் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஜனகன் போன வருடத்துக்கு முந்திய வருடம் கட்டட வேலைக்கு ருமேனியா போனான். முதலில் ஒவ்வொரு பின்னேரமும் போனில் முகம் பார்த்துக் கதைத்தவன், தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னிருந்து அதை நிறுத்திவிட்டான். விடுதியில் சிக்னல் சரியில்லை என்றான். குரலைப் பதிந்து அனுப்புவான். படம் அனுப்பினால் முகம் மட்டும்தான் இருக்கும். வேலையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

"மார்கழியில ஒரு சனி ஞாயிறு அங்கத்தைய நகரம் ஒண்டைச் சுத்திப் பாக்கப் போனவராம், மிஸ். ஆரோட எண்டு பாருங்கோ," என்று போனை நீட்டினாள்.

விமலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தார். யோகநாதன் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

முதல் படத்தில் ஒரு பெரிய சதுக்கம். சிபியு என்பது அந்த நகரத்தின் பெயர். புதுப் பனி விழுந்து எங்கும் வெள்ளையாகக் கிடந்தது. சுற்றிலும் பழைய வீடுகள். அவற்றின் கூரைகளில் பாதி மூடிய கண்கள் போல நீளமான சின்ன ஜன்னல்கள். விடியக்காலையாக இருக்க வேண்டும், ஆட்கள் இல்லை. தாங்கள் வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஜனகன் அந்தப் படத்தை எடுத்திருந்தான். பனியில் இரண்டு கோடுகள் சமாந்தரமாக நீண்டு வந்தன. கோடுகளுக்கு நடுவே சப்பாத்துத் தடங்கள். இரு பக்கமும் யாரும் மிதிக்காத வெள்ளை.

இரண்டாவது ஒரு இரும்புப் பாலம். 'இதில நிண்டு பொய் சொன்னால் பாலம் முனகுமாம்' என்று கீழே எழுதியிருந்தான். கைப்பிடிக் கம்பிகளின் பூ வேலைப்பாடு படத்தை நிறைத்திருந்தது. அந்த இடைவெளிகளுக்குள்ளால் கீழே ஒரு தெரு தெரிந்தது.

மூன்றாவதைக் காட்டும்போது சிவரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது ஒரு கேக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேக்குகள் வரிசையாகப் படத்தின் நடு மட்டத்தில் இருந்தன. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கையில் ஒரு தட்டோடு, படம் எடுப்பவனை நோக்கிக் குனிந்து சிரித்தாள். அவளுடைய தலைக்குப் பின்னால் கடையின் கூரை விளக்குகள் எரிந்தன. அந்தச் சிரிப்பில் உரிமை இருந்தது. பழகிய முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

நான்காவது, உயரத்திலிருந்து எடுத்தது. சதுக்கம் முழுவதும் தட்டில் வைத்ததுபோலக் கீழே கிடந்தது. இப்போது ஆட்கள் வந்துவிட்டார்கள். எறும்புகள் போல அங்கங்கே தெரிந்தார்கள்.

"குரலும் இருக்கு," என்றாள் சிவரூபி. போனை அமத்திக் கேட்க வைத்தாள்.

"ரூபி, இது சிபியு எண்டு ஒரு பழைய நகரம். மிரேலான்ர சொந்த ஊர். அவாக்கு லீவு எண்டபடியால் என்னை எல்லா இடமும் கொண்டுபோய்க் காட்டினவா. பெரிய கோபுரம் ஒண்டில ஏறினனாங்கள், இடுக்குப் படி, சுத்திச் சுத்திப் போகுது. மேல நிண்டு எடுத்த படம் அனுப்பியிருக்கிறன். உனக்கும் ஒரு நாள் காட்ட வேணும். வீட்டு வாசல்படி இடிஞ்சு கிடந்ததே, கட்டிப்போட்டியோ? உயரமாக் கட்ட வேண்டாம். பதிவாப் போடு."

கடைசியில் ஒரு பெண்ணின் சிரிப்பும் தெரியாத பாஷையில் ஏதோ ஒரு சொல்லும் கேட்டு அறுந்தன.

விமலேஸ்வரி போனை மீண்டும் வாங்கினார். முதல் படத்துக்குத் திரும்பிப் போனார். யோகநாதனுக்குத்தான் பொறுக்கவில்லை. பனியில் கிடந்த அந்த இரண்டு கோடுகளையும் அவர் கண்டுகொண்டார். கண்டதும் வாய் முந்திக்கொண்டது.

"மிஸ், இது பிள்ளையை வைச்சுத் தள்ளுற வண்டிலின்ர சில்லுத் தடம். அங்க ஒரு பிள்ளையும் இருக்கு."

சொன்ன பிறகுதான் சிவரூபியின் முகத்தைப் பார்த்தார். அவளுக்கு அது புதிதில்லை. அவளும் பல முறை அந்தக் கோடுகளைப் பார்த்து, அதே முடிவுக்கு வந்து, அது பிழையாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள். இப்போது வேறொருவர் வாயாலும் அதைக் கேட்டுவிட்டாள். கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். தண்ணீர் எடுத்துவரப் போன யோகநாதனுக்குத் தன் நாக்கை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

தகப்பன் இந்தப் படங்களைப் பார்த்துவிட்டார் என்றும், அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை என்றும் அவள் சொன்னாள். நான் அப்பவே சொன்னேன் என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

விமலேஸ்வரி இரண்டே கேள்விகள் கேட்டார். வாசல்படியைப் பற்றி ஜனகன் முன்பும் கேட்டிருக்கிறானா? ஓம், கார்த்திகை மழையில் படி இடிந்ததைச் சொன்ன நாளிலிருந்து விடாமல் கேட்கிறான். இந்தப் பயணத்தில் குளிருக்கு என்ன போட்டிருந்தான்? அந்தச் சனிக்கிழமை அனுப்பிய முகப் படத்தைச் சிவரூபி காட்டினாள். தலையில் கடும் மஞ்சள் நிறத்தில் ஒரு கம்பளித் தொப்பி. அவன் வெளிக்கிடும்போது கிளிநொச்சிச் சந்தையில் அவளே வாங்கிக் கொடுத்தது. இந்த நிறத்தை ஒருவரும் போடமாட்டார்கள் என்று அவன் அப்போது பகிடி பண்ணினானாம்.

படங்களைக் கணினியில் ஏற்றித் தரும்படியும், ஞாயிற்றுக்கிழமை தானே அக்கராயனுக்கு வருவதாகவும் விமலேஸ்வரி சொன்னார். ஜனகனின் தாயையும் அன்றைக்கு அங்கே கூப்பிட்டு வைக்க வேண்டும். அதுவரைக்கும் ஜனகனிடம் எதையும் கேட்க வேண்டாம்.

"கேட்டால், பாவம், அவர் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வரும்," என்றார்.

பாவம் என்ற அந்தச் சொல் யோகநாதனுக்குப் பிடிக்கவில்லை. கட்டின பெண்ணை இங்கே விட்டுவிட்டு அங்கே குடும்பம் நடத்துகிறவனுக்கு என்ன பாவம்?

வியாழக்கிழமை வவுனியா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. திரும்பி வரும் வழியில் புளியங்குளத்தில் காரைத் திருப்பச் சொன்னார் விமலேஸ்வரி. சதீஸ் என்பவன் ஜனகனோடு ஒரே முகவர் மூலம் போய் ஒரே இடத்தில் வேலை செய்தவன். பொங்கலுக்கு லீவில் வந்து நிற்கிறான் என்று சிவரூபி சொல்லியிருந்தாள்.

சதீஸ் அவர்களை இருத்திச் சோடா உடைத்துக் கொடுத்தான். தன் வேலையைப் பற்றியும், அங்கத்தைய சாப்பாட்டைப் பற்றியும், மலையடிவாரத்துக் குளிரைப் பற்றியும் நன்றாகக் கதைத்தான். ஜனகனின் பெயர் வந்ததும் எழுந்து போய் ஏற்கெனவே திறந்திருந்த ஜன்னலைத் திறக்கப் பார்த்தான். நல்லா இருக்கிறான், புரட்டாதியிலிருந்து தாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இல்லை என்றான். மிரேலா என்று யாரும் தெரியுமா என்று யோகநாதன் நேரடியாகக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு, நல்ல மனுசி, அவ்வளவுதான் தெரியும் என்றான்.

"ஜனகன் திரும்பக் கட்டடச் சாரம் ஏறி வேலை செய்வாரோ?" என்று விமலேஸ்வரி கேட்டார்.

சதீஸ் ஜன்னலை விட்டு வந்து கதிரையில் இருந்தான். "அவன் இனி ஏற மாட்டான், மிஸ். அவன்ர வாழ்க்கை இப்ப வேற," என்றான். "என்னட்ட இதுக்கு மேல கேளாதைங்கோ. வாக்குக் குடுத்திருக்கிறன்."

விமலேஸ்வரி நன்றி சொல்லி எழுந்துவிட்டார். காரில் யோகநாதன் வெற்றியோடு கதைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் வசதியானவளாக இருக்க வேண்டும், அவள் தயவில் வேலைவெட்டி இல்லாமல் இருக்கிறான், ஊர் சுற்றுகிறான், சாரம் ஏற அவனுக்கு என்ன தேவை? விமலேஸ்வரி மாங்குளம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோகநாதன், நீங்கள் பஸ்ஸில நிண்ட காலத்தில, ஒரு ஆளைப் பஸ்ஸில ஏத்திக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனன் எண்டு சொல்லுவீங்களோ, கொண்டு போனன் எண்டு சொல்லுவீங்களோ?"

"கூட்டிக்கொண்டு போனன் எண்டுதான்."

"கொண்டு போனன் எண்டு எப்ப சொல்லுவீங்கள்?"

யோகநாதன் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினார். வருத்தக்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன் என்று சொல்லியிருக்கிறார். போர்க் காலத்தில் பஸ்ஸின் பின் சீற்றுகளைக் கழற்றிவிட்டு காயப்பட்ட எத்தனையோ பேரைக் கொண்டு போயிருக்கிறார். அதற்குப் பிறகு கிளிநொச்சி வந்து சேரும்வரை அவர் காரை மெதுவாகவே ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. குளம் நிரம்பி, வாய்க்காலெல்லாம் தண்ணீர் ஓடியது. தில்லைநாதன் வெள்ளை வேட்டியோடு முற்றத்தில் நின்று வரவேற்றார். மெலிந்து உயர்ந்த மனிதர். முன் விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தன. ஜனகனின் தாய் மீனம்மா கதிரையை ஒதுக்கிவிட்டு, சம்பந்தி வீட்டுச் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். மகன் செய்த குற்றத்துக்கு விசாரணைக்கு வந்தவள் போல அவளுடைய பார்வை நிலத்திலேயே இருந்தது.

பத்திரம் தயாரா என்று தில்லைநாதன் கேட்டார்.

விமலேஸ்வரி தன் மடிக்கணினியைத் திறந்து மேசையில் வைத்தார். விவாகரத்து கேட்பதென்றால் மற்றவர் பக்கத்தில் ஒரு குற்றத்தைக் காட்ட வேண்டும். ஜனகன் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறார் என்று தான் எழுத வேண்டியிருக்கும். அது உண்மையில்லை என்று தெரிந்துகொண்டு எழுத முடியாது என்றார். குரலை உயர்த்தாமலே சொன்னார். சிவரூபி சட்டென்று நிமிர்ந்தாள்.

"முதல் படத்தைப் பாருங்கோ. எல்லாரும் சில்லுத் தடத்தைப் பாத்தீங்கள். நடுவில இருக்கிற சப்பாத்துத் தடத்தைப் பாக்கேல்லை. ஒரு புருசனும் ஒரு பொம்பிளையும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்தால், நடக்கிற ஆக்கள் ரெண்டு பேர். ரெண்டு சோடித் தடம் இருக்க வேணும். ஐயா, இதில எத்தனை சோடி?"

தில்லைநாதன் கணினிக்குக் கிட்ட வந்து குனிந்தார். பனியில் வந்த தடங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே அடையாளம். "ஒராள்தான்," என்றார்.

"ஓம். ரெண்டு பேர் வந்தவை. ஒராள் நடந்தவா. மற்ற ஆள் எப்பிடி வந்தவர்?"

விமலேஸ்வரி அவசரப்படவில்லை. பாலத்துப் படத்தைக் காட்டினார். பாலத்தில் நின்று தெருவைப் படம் எடுக்கிறவன் கைப்பிடிக்கு மேலால் எடுப்பான். ஜனகன் கம்பிகளுக்கு ஊடாக எடுத்திருக்கிறார். பிறகு கேக் கடை. கண்ணாடிப் பெட்டி அவர் கண்ணுக்கு நேரே இருக்கிறது. கூரை விளக்குகள் அந்தப் பெண்ணின் தலைக்குப் பின்னால் தெரிகின்றன. கீழிருந்து மேலே பார்த்தால்தான் அப்படித் தெரியும்.

"இந்தப் படம்தானே, பிள்ளை, உம்மை நித்திரை கொள்ள விடாத படம்? அவா ஏன் குனியிறா எண்டு யோசிச்சுப் பாரும். எழும்பி நிக்கிற ஆம்பிளையோட கதைக்க ஒரு பொம்பிளைக்கு இப்பிடிக் குனியத் தேவையில்லை."

சிவரூபி படத்தைப் பார்த்தாள். இத்தனை வாரமாக வெறுத்து வெறுத்துப் பார்த்த முகம்.

"ஆனா அவர் கோபுரத்தில ஏறினவரெல்லோ?" என்றாள். "இடுக்குப் படி எண்டு சொன்னவரே."

"ஏறினது மிரேலா. அவரின்ர போனைக் கொண்டுபோய், அவருக்காக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறா." விமலேஸ்வரி கடைசிப் படத்தைத் திறந்து, ஒரு மூலையைப் பெருப்பித்தார். பனியும் ஆட்களும் புள்ளிகளாக உடைந்து பெரிதாகின. கோபுரத்தின் அடியில், தனியே, கடும் மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி. அதற்குக் கீழே கறுப்பாக ஓர் உருவம். பக்கத்தில் போகிறவர்களின் நெஞ்சளவுக்குத்தான் அந்த மஞ்சள் தொப்பி இருந்தது. சுற்றிவர இருக்கை ஒன்றும் இல்லை. வெறும் பனி. அந்த உருவம் கை ஒன்றை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது.

"தான் மேல நிண்டு எடுத்தது எண்டு சொன்ன படத்துக்குள்ள அவரே கீழ இருக்கிறார்," என்றார் விமலேஸ்வரி.

யோகநாதன் அந்தத் தூக்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமையே அவருக்குப் பாதி விளங்கியிருந்தது. ஆனாலும் இப்படிப் பார்க்க நேரும் என்று நினைக்கவில்லை.

மிச்சத்தை விமலேஸ்வரி சுருக்கமாகச் சொன்னார். கூட்டிக்கொண்டு போய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் கொண்டுபோய் என்று வாய் தவறியதை. வாசல்படியை உயரமாகக் கட்ட வேண்டாம் என்று ஏன் விடாமல் கேட்டான் என்பதை. இனிச் சாரம் ஏற மாட்டான் என்று சதீஸ் சொன்னதை. புரட்டாதியில் ஏதோ விபத்து நடந்திருக்க வேண்டும். ஜனகன் சக்கர நாற்காலியில் இருக்கிறார். என்ன காயம், எவ்வளவு காயம் என்பது தனக்குத் தெரியாது. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

"அவர் மறைச்சு வைச்சதை ஆக்கள் முன்னால சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அவர் செய்யாததை அவர் தலையில எழுதச் சொல்லிக் கேட்டீங்கள். அதுக்காகத்தான் சொன்னனான்."

மீனம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். போனை எடு புள்ள என்று மட்டும் சொன்னாள்.

சிவரூபி முகம் பார்க்கும் அழைப்பை எடுத்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஜனகன் வழக்கம்போலக் குரலில் மட்டும் அழைத்தான். சிக்னல் இல்லை என்று சொல்லத் தொடங்கினான். அவள் அவனை முடிக்கவிடவில்லை.

"கோபுரத்துக்குக் கீழ இருந்து ஆருக்குக் கை காட்டினீங்கள்?" என்று கேட்டாள்.

முற்றத்து மாமரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது கேட்டது. பிறகு போனில் அவன் முகம் வந்தது. தாடி வளர்ந்திருந்தது.

"போனைக் கீழ இறக்குங்கோ," என்றாள் சிவரூபி.

அவன் தலையசைத்து மறுத்தான். அவள் திரும்பவும் அதையே சொன்னாள். படம் ஆடியது. ஒரு கட்டிலின் விளிம்பு, நீல நிறப் போர்வை, நாற்காலியின் சக்கரம் என்று வரிசையாக வந்து நின்றது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே கம்பிகள் பூட்டியிருந்தார்கள். வலது கால் முழங்காலோடு முடிந்திருந்தது.

சாரம் சரிந்து விழுந்ததை அவன் மெல்ல மெல்லச் சொன்னான். நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், அதற்குப் பிறகு நடக்கப் பழக்கும் இந்த இடத்துக்கு அனுப்பப்பட்டதையும் சொன்னான். மிரேலா இங்கே தாதி. ஜன்னலைத் தவிர வேறொன்றையும் பார்க்காமல் கிடந்தவனை, தன் லீவு நாட்களில் தன் ஊருக்குக் கொண்டுபோய், கல்லுத் தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கோபுரத்தடியில் அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, போனை வாங்கிக்கொண்டு ஏறினாளாம்.

"ஏன் சொல்லேல்லை?"

"இஞ்ச பார் ரூபி, எங்கட ஊரில கால் போன ஆக்களைப் பாத்து வளந்தவன் நான். பெண்சாதி தூக்கி இருத்தி, தூக்கி எடுத்து... என்னை நம்பி வந்த உனக்கு அதைத் தர எனக்கு மனம் வரேல்லை. உன்ர அப்பா நினைச்சதும் சரியாப் போயிடும். பொய்க்கால் தருவினமாம். அதைப் போட்டுப் பழகி, நடந்து வந்து வாசலில நிண்டு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

மீனம்மா போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "அம்மாகிட்டயாச்சும் சொல்லி இருக்கலாமேப்பா," என்றாள். "உசுரோட இருக்கியே. அது போதும் எனக்கு." தில்லைநாதன்தான் கதிரை ஒன்றை இழுத்து அவளுக்குப் பின்னால் வைத்து, தோளில் கை வைத்து இருத்தினார். வைத்த கையை எடுக்க மறந்து, மருமகனின் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

சிவரூபி அழவில்லை. யோகநாதன் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழ வேண்டும் என்றுகூட விரும்பினார்.

"நீங்கள் எனக்கு இல்லாமப் போட்டீங்கள் எண்டு இவ்வளவு நாளும் அழுதுபோட்டன்," என்றாள் கணவனிடம். "காலுக்கு அழ எனக்கு இன்னும் நேரம் வரேல்லை. கொஞ்சம் பொறுங்கோ."

ஜனகன் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். விமலேஸ்வரி மடிக்கணினியை மூடி, போவோம் என்று யோகநாதனுக்குக் கண் காட்டினார். வந்த காரியம் முடிந்துவிட்டது; இனி அங்கே வெளியாட்களுக்கு இடமில்லை. அவர்கள் முற்றத்துக்கு இறங்கும்போது சிவரூபியின் குரல் மறுபடி கேட்டது.

"அவா அங்க நிக்கிறாவோ? கூப்பிடுங்கோ."

யோகநாதன் திரும்பிப் பார்த்தார். போனில் வெள்ளைச் சட்டை போட்ட அந்தப் பெண் வந்து, ஜனகனின் தோளுக்கு மேலால் குனிந்தாள். என்ன நடக்கிறது என்று விளங்காத பயம் அவள் முகத்தில் இருந்தது. சிவரூபியின் உதடுகள் அசைந்தன. நன்றி என்ற சொல் அந்த இடத்துக்குப் போதாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"சாப்பிட்டீங்களோ எண்டு கேளுங்கோ," என்றாள் சிவரூபி கடைசியில்.

ஜனகன் அதை அந்தப் பாஷையில் கேட்டான். பாதியில் நிறுத்தி, திரும்ப முதலிலிருந்து கேட்டான்.

"இன்னும் இல்லையாம், ரூபி," என்றான்.